ஆஸ்பத்திரி எஞ்சின் கம்பி

எஞ்சினின் இரும்புத் தலை சிவக்கக் காய்ந்தால்தான் அது கிளம்பும். மொக்கையன் குந்தி உட்கார்ந்து மண்ணெண்ணெய் ஊதுவிளக்கை அதன்மேல் பிடித்துக்கொண்டிருந்தான். வெயில் நாளில் பத்து நிமிஷம் போதும். இது ஆடி மழை, கால் மணி நேரமாவது வேண்டும். காலை பதினொரு மணிக்கே ஊசிப்பாறை எஸ்டேட் இருட்டிக் கிடந்தது. எதிர்ச் சரிவில் தேயிலை தெரியவில்லை. வாசலுக்கு எதிரே நின்ற கொய்யாமரம்கூட மஞ்சு மூட்டத்துக்குள் பாதிதான் தெரிந்தது.

"மொக்கையா, ஆச்சா இல்லையா?" ஆஸ்பத்திரி ஆயா ஜானகியம்மாள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "சாந்தம்மாளை மேசையில படுக்கப் போட்டாச்சு. டாக்டரு கையைக் கழுவிட்டு வெளிச்சத்துக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாரு."

"ரெண்டு நிமிசம்க்கா. காயாமச் சுத்துனா ஒதைச்சுப்புடும்."

சாந்தம்மாள் ஐந்தாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுப்பவள். மூன்று நாள் வயிற்று வலியோடு கூடை சுமந்து, நாலாம் நாள் செடிக்குள்ளேயே விழுந்துவிட்டாள். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே அறுத்தாக வேண்டும் என்று டாக்டர் யாக்கோபு சொல்லிவிட்டார். அன்றைக்கென்று பார்த்து மூணாம் மைல் வளைவில் மரம் விழுந்து கரண்ட் லைன் அறுந்துபோனது. அருவிக்குக் கீழே பவர் ஹவுஸில் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அங்கிருந்து ஃபாக்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பங்களாவுக்கும் கரண்ட் வந்து சேர வழியில்லை.

மொக்கையன் ஊதுவிளக்கை அணைத்துவிட்டு எழுந்தான். பெரிய சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, ஒரு முறை முழுப்பலத்தோடு தள்ளினான். எஞ்சின் இருமிப் புகை விட்டது. அப்புறம் பட்டை இழுபட்டு டைனமோ சுற்றியது. மீட்டர் கண்ணாடிக்குள் முள் ஏறி நிற்கும் இடத்தில் நின்றதும் கத்தி சுவிட்சைப் போட்டான். ஆபரேஷன் அறை ஜன்னலிலிருந்து வெள்ளை வெளிச்சம் மழையில் வந்து விழுந்தது.

இந்த எஞ்சின் ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் கரண்ட் போனால் பெட்ரோமாக்ஸ்தான். மயக்கத்துக்குக் கொடுக்கிற ஈதர் கற்பூரத்தைவிடச் சுலபமாகப் பற்றும். ஒரு நாள் பற்றியது. மேஜையில் கிடந்தவரின் போர்வையும் கம்பவுண்டரின் இரண்டு கையும் வெந்தன. அதற்கப்புறம் ஃபாக்டரியில் கழித்துப் போட்டிருந்த எண்ணெய் எஞ்சினை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டார்கள். கூடவே மொக்கையனையும் தள்ளிவிட்டார்கள். ஃபாக்டரியில் எண்ணெய் விடும் ஆளாக இருந்தவன், போடிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓடுகிற எதையும் காதை வைத்துக் கேட்டு நோயைச் சொல்லுவான்.

எஞ்சினிலிருந்து கம்பி இழுக்கும்போதுதான் அவன் பிடிவாதம் எல்லோருக்கும் தெரிந்தது. ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குள் ஓடுகிற கம்பியிலேயே சேர்த்துவிட்டால் வேலை அரை நாளில் முடியும், கம்பியும் மிச்சம் என்றார் ஹெட் கிளார்க் ஏசுரத்தினம். மொக்கையன் கேட்கவில்லை. லைன் கரண்ட் கிழக்குச் சுவர் வழியாக வந்தது, எஞ்சின் கம்பியை அவன் மேற்குச் சுவர் வழியாக ஆபரேஷன் அறைக்கு மட்டும் கொண்டுவந்தான். ஒரே துவாரத்தில்கூட இரண்டையும் நுழைய விடவில்லை. கம்பி ஓட மரச்சட்டம் தரமாட்டேன் என்றார்கள். உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகையை இழைத்துத் தானே சட்டம் செய்தான். தீ வாளிக்கு அடித்து மிஞ்சிய சிவப்புச் சாயத்தை அதற்குப் பூசினான். இரண்டு கரண்டின் சுவிட்ச் போர்டும் இரண்டு அறையில், நடுவே ஒரு கல்சுவர். அவசரத்தில் யாராவது ஒரு முழக் கம்பியை எடுத்து இதையும் அதையும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் அவன் கணக்கு. மொக்கையன் கம்பிக்கும் சாதி வைத்துவிட்டான் என்று தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கச் சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சட்டத்துக்கு இரண்டாம் பூச்சு அடித்தான்.

அன்றைக்கு அறுந்த லைனைக் கட்டப் போயிருந்தவன் பெரியமுத்து. எஸ்டேட்டில் கம்பம் ஏறத் தெரிந்த ஒரே ஆள். அவன் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பவர் ஹவுஸுக்குப் போவான். பீங்கானில் செய்த பியூஸ் கட்டைகள் இரண்டையும் பிடுங்கி வேட்டி மடியில் வைத்துக் கட்டிக்கொள்வான். அப்புறம்தான் கம்பத்தில் கால் வைப்பான். அவன் இறங்கிப்போய்க் கட்டையைச் செருகும்வரை துரையே வந்து நின்றாலும் யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. பெரியமுத்து மடியில் கட்டை இருந்தால் எஸ்டேட்டில் எந்தக் கம்பியிலும் துணி காயப்போடலாம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பதினாறு வருஷமாக அது ஒரு நாளும் பொய்த்ததில்லை.

அந்தப் பெரியமுத்துவுக்கும் மொக்கையனுக்கும் தைப்பொங்கலிலிருந்து பேச்சு கிடையாது. பெரியமுத்துவின் நாய் மொக்கையனின் சேவலைப் பிடித்துவிட்டது. நாயும் மறந்துவிட்டது, சேவல் இருந்த கூடையில் இப்போது கோழி முட்டையிடுகிறது. இவர்கள் இரண்டு பேரும்தான் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள்.

எஞ்சின் ஓடத் தொடங்கி அரைமணி இருக்கும். ஏசுரத்தினம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் பங்களாச் சமையற்காரன் யானை வடம் போல ஒரு கம்பிச் சுருளைத் தோளில் சுமந்து வந்தான்.

"நல்லதாப் போச்சு, எஞ்சின் ஓடுது" என்றார் ஏசுரத்தினம். "இந்தாரும், இந்தக் கம்பியை இங்கன இருந்து இழுத்து அடுத்த ரூம் போர்டுல கட்டிரும். அங்கன இருந்து லைன் வழியாப் பங்களாவுக்குக் கரண்ட் போயிரும். லண்டன் துரை வந்திருக்காரு. எஸ்டேட்டே கரண்ட்லதான் ஓடுதுன்னு சின்ன துரை கடுதாசி எழுதி வரவழைச்சாரு. வந்து பார்த்தா மனுசன் மெழுகுவத்தி வெளிச்சத்துல உக்காந்திருக்காரு."

மொக்கையன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். "அது ஆவாதுங்கய்யா. பெரியமுத்து கம்பத்து மேல நிக்கிறான்."

"நின்னா என்ன? பியூஸ் கட்டை அவன் மடியிலதான வே இருக்கு?"

"அது பவர் ஹவுஸ் கட்டைங்கய்யா. இந்த எஞ்சினுக்கு அவன் மடியில ஏது கட்டை? இங்கிட்டு இருந்து ஏத்துனா பங்களாவுக்கும் போவும், பின்னால திரும்பி மூணாம் மைலுக்கும் போவும். அவன் அறுந்த முனையக் கையில பிடிச்சிருப்பான்."

ஏசுரத்தினம் சமையற்காரனைப் பார்த்தார். சமையற்காரன் மேலே பார்த்தான். கரண்ட் அருவியிலிருந்து பங்களாவுக்குப் போவதை அவர்கள் அறிவார்கள். அது திரும்பிப் போகும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"கரண்ட் எப்படி வே மேல ஏறிப் போவும்?"

"மேல் மடைய அடைச்சிருக்குதான். கீழ இருந்து ஏத்தம் போட்டு எறச்சு ஊத்துனா வாய்க்கால்ல தண்ணி நிக்காதா? அது மாதிரிதான். இன்னொண்ணு, இது எட்டு வெளக்குக்கு உள்ள எஞ்சின். பங்களாவையும் கட்டுனா உள்ள ஆபரேசன் வெளக்கு மங்கிப் போவும். ஒரு ஆளை மூணாம் மைலுக்கு அனுப்புங்கய்யா. பெரியமுத்து எறங்கிட்டான்னு சேதி வரட்டும், வெளக்கைக் கொறைச்சு எப்படியாச்சும் நானே கட்டித் தாரேன்."

"போக ஒரு மணி, வர ஒரு மணி. பன்னண்டரைக்குத் துரைமாரு சாப்பிட உக்காருதாங்க." ஏசுரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "அது சரி, அவனுக்கும் உமக்கும் பேச்சே கிடையாதே. அவனுக்காகவா மல்லுக்கு நிக்கீரு?"

"பேச்சு இல்லாட்டி என்னங்கய்யா? கம்பத்து மேல இருக்கான்ல."

ஏசுரத்தினம் கெட்டவரில்லை. லயத்தில் யாருக்காவது சாவு என்றால் முதல் ஆளாய்ப் போய் நிற்பவர்தான். ஆனால் பங்களாவிலிருந்து வந்த உத்தரவை நின்று யோசிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர் சமையற்காரனை ஓடச் சொல்லி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சின்ன துரை மழைக்கோட்டோடு உள்ளே வந்தார். இருபத்தாறு வயசு, எஸ்டேட்டுக்கு வந்து இரண்டு வருஷம், புத்தகத்தில் படித்த தமிழ்.

"ஏன் கம்பி கட்டவில்லை?"

"தொரை, கட்டுனா ஆளு செத்துப்போவான்."

சின்ன துரை கிளார்க்கைப் பார்த்தார். "பியூஸ் எங்கே?"

"லைன்மேன் மடியில, சார்."

சின்ன துரைக்குச் சிரிப்பு வந்தது. "பியூஸ் அவன்கிட்ட. நீ பயம் வேண்டாம். கட்டு."

"கட்ட மாட்டேன் தொரை."

அந்த எஸ்டேட்டில் ஒரு தொழிலாளி துரையின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லி ஏசுரத்தினம் கேட்டதில்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, மரியாதையாகத்தான் சொன்னான். சின்ன துரையின் முகம் சிவந்தது. "கிளார்க், நீ கட்டு. இந்த ஆளுக்கு வேலை இல்லை" என்றார். ஏசுரத்தினம் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பிச் சுருளைப் பிரிக்கத் தொடங்கினார்.

எண்ணெய்க் குழாயின் திருகு மொக்கையனின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு திருகு திருகினால் எஞ்சின் நின்றுவிடும், யாரும் எந்தக் கம்பியையும் எங்கேயும் கட்டிக்கொள்ளட்டும். அவன் கை அங்கே போனது. அதே நேரம் ஜானகியம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"வயித்தைத் தொறந்தாச்சாம். வெளிச்சம் அசையக் கூடாதுன்னு டாக்டரு சொல்லச் சொன்னாரு."

மொக்கையன் கையை எடுத்துக்கொண்டான். உள்ளே ஒருத்தி, மூணாம் மைலில் ஒருத்தன். எஞ்சினை நிறுத்தினால் அவள் போய்விடுவாள், ஓடவிட்டால் அவன் போய்விடுவான். பிறகு சுவரில் மாட்டியிருந்த குறட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மழைக்குள் இறங்கினான். பயந்து ஓடுகிறான் என்று நினைத்தார் ஏசுரத்தினம்.

அவன் கட்டடத்தைச் சுற்றிக் கிழக்குச் சுவருக்கு ஓடினான். கூரைத் தகரம் மாற்றுவதற்கு வைத்திருந்த மூங்கில் ஏணி அங்கே கிடந்தது. அதை நிமிர்த்திச் சாத்தி ஏறினான். கம்பத்திலிருந்து வரும் எஸ்டேட் லைன் இரண்டு கம்பியாக வந்து, கூரைக்குக் கீழே பீங்கான் குமிழ்களில் கட்டியிருக்கும் இடம் அது. இங்கே வெட்டிவிட்டால் எஞ்சின் கரண்ட் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு அடி போக முடியாது. சுவருக்கு உள்ளே ஏசுரத்தினம் கத்தியால் கம்பி முனையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அவர் முந்திக்கொண்டால் ஈர ஏணியில் நிற்கிற இவன் கையிலேயே கரண்ட் ஏறும்.

மொக்கையன் முதலில் புறங்கையால் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். உயிர் இல்லை. அந்த நிமிஷத்தில் அவனும் பெரியமுத்துவின் மடியை நம்பித்தான் நின்றான். தடித்த செப்புக் கம்பி, மழுங்கிய குறடு. ஒரே கடியில் போகவில்லை. திருப்பித் திருப்பிக் கடித்து, உடம்பையெல்லாம் போட்டு முறுக்கினான். முதல் கம்பி அறுந்து சேற்றில் விழுந்தது. இரண்டாவதைப் பிடித்தபோது உள்ளே சுரண்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். அதுவும் விழுந்தது. அவன் ஏணியில் நாலு படி இறங்குவதற்குள் வார்டு ஜன்னல்களில் விளக்கு எரிந்தது.

உள்ளே சின்ன துரை கிளார்க்கின் முதுகில் தட்டினார். வார்டில் எரிந்த விளக்கைப் பார்த்துப் பங்களாவிலும் எரிகிறது என்று முடிவு கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். மொக்கையன் நனைந்து உள்ளே வந்தான். எஞ்சின் முனகியது, வார்டு விளக்குகள் அதை இழுத்தன. அவன் ஏசுரத்தினத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் கட்டிய கம்பியை அவிழ்த்து எறிந்தான். முள் மறுபடி மேலே வந்து நின்றது.

கால் மணி நேரத்தில் சின்ன துரை திரும்பி வந்தார். பங்களாவில் அதே மெழுகுவத்திதான். சேற்றில் கிடந்த இரண்டு கம்பி முனைகளையும் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் வார்டு நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். கம்பெனிச் சொத்தை வெட்டியதற்கு வேலையிலிருந்து பேர் வெட்டு, சனிக்கிழமைக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும், இப்போதே எஞ்சினை விட்டு வெளியே போ என்றார்.

"ஆபரேசன் முடியட்டும் தொரை, போயிருதேன்" என்றான் மொக்கையன். எண்ணெய்க் குப்பியை எடுத்து அச்சுத் தாங்கிகளுக்கு ஒவ்வொரு சொட்டாக விட்டான். வேலை போன மனிதன் விடுகிற எண்ணெய் மாதிரியே இல்லை. சின்ன துரை கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வேறு யாருக்கும் அந்த எஞ்சினை ஓட்டத் தெரியாது என்று ஏசுரத்தினம் காதோடு சொன்னதும் போய்விட்டார்.

ஒரு மணிக்கு டாக்டர் யாக்கோபு வெளியே வந்தார், கையில் இன்னும் ரத்தம் இருந்தது. "சாந்தம்மா பொழைச்சா. லைட் ஒரு வட்டம் மங்கிச்சு, பின்னே சரியாயி. எந்தா மொக்கையா, என்ன நடந்தது?" என்று தம் மலையாளத் தமிழில் கேட்டார். மொக்கையன் எஞ்சினை நிறுத்திவிட்டு, கை துடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான். டாக்டர் அங்கேயே படிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மூணாம் மைல் லைன் கட்டி முடிந்தது. பியூஸ் கட்டை மடியில் இருக்கப் பெரியமுத்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தான், வெட்டின கம்பியை ஒட்டச் சொல்லி உத்தரவு. யார் வெட்டினது, எதற்கு என்று ஜானகியம்மாள்தான் அவனுக்குச் சொன்னாள். ஏணியைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

"எந்நேரம் இருக்கும்க்கா?"

"பன்னண்டு, பன்னண்டே கால் இருக்கும்."

"பன்னண்டே காலுக்கு முனைய முழங்கையில சுத்திக்கிட்டு இழுத்துக்கிட்டு இருந்தேன்" என்றான் பெரியமுத்து. "கட்டை மடியில இருக்குன்னு சும்மா வெத்தலையப் போட்டுக்கிட்டு இழுத்துக்கிட்டு இருந்தேன்." ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டான்.

லண்டன் துரையோடு ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் நடந்த பேச்சைக் கேட்டு மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். சிவப்புச் சட்டத்தை முனையிலிருந்து முனைவரை கையால் தடவிக்கொண்டே போனார். இரண்டு அறைக்கும் நடுவே இருந்த சுவரைத் தட்டிப் பார்த்தார். இது யார் செய்த வேலை என்று கேட்டதற்கு, எஸ்டேட் வேலைதான் என்றார் சின்ன துரை. இப்படித்தான் இருக்க வேண்டும், இதை எழுதி மாட்டி வையுங்கள், மற்ற எஸ்டேட்டுகளும் வந்து பார்க்கட்டும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் இரண்டு தடவை ஆபீசுக்கு நடந்தார். அவன் செய்தது சரி என்று இன்ஜினியரே சொன்ன பிறகு எதற்கு வேலை நீக்கம் என்று கேட்டார். "கம்பி விஷயம் வேற, உத்தரவை மீறினது வேற டாக்டர்" என்றார் ஏசுரத்தினம். அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மொக்கையன் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பாதை வழியாக இறங்கினான். பின்னால் அவன் மனைவி சின்னத்தாய் பாத்திர மூட்டையோடும் கோழிக்கூடையோடும் வந்தாள். வார்டு ஜன்னலிலிருந்து சாந்தம்மாள் எழுந்திருக்க முடியாமல் படுத்தபடியே கும்பிட்டாள். எஞ்சின் அறைக்குள் பெரியமுத்து தனியாக நின்று ஒரு வெள்ளைப் பலகையைச் சுவரில் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் வாயில் நாலு ஆணி இருந்தது. மொக்கையனைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"டாக்டரய்யா, என்ன எழுதிருக்கு?" மொக்கையன் வாசலில் நின்ற யாக்கோபைக் கேட்டான்.

"எஞ்சின் கம்பியை வேறே எந்தக் கம்பியோடும் சேர்க்கக் கூடாது. மீறினால் தண்டனை. அதுதான். எல்லாம் இங்கிலீஷ்."

"கீழ யாரு பேரு போட்டுருக்கு?"

"சின்ன துரையோடது."

மொக்கையன் தலையை ஆட்டினான். "நல்லதுதான். இனிமே கம்பத்துல ஏறுறவன் பயமில்லாம ஏறுவான்."

பலகை நாலடி நீளம். பெரியமுத்து ஒரு முனையைப் பிடித்தால் இன்னொரு முனை சாய்ந்தது. மொக்கையன் பெட்டியைப் படிக்கல்லில் இறக்கி வைத்தான். உள்ளே போய், சின்ன துரையின் பேர் இருந்த முனையை இரண்டு கையாலும் தூக்கி, மட்டம் பார்த்து, நாலு ஆணியும் இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.